கையில் காசு கம்மி, கார் மேல் ஆசை அதிகம்

வாசகர் கேள்விகளுக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இளைஞர்கள் அனுப்பியவை. எல்லோருக்கும் வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான்: விலை குறைவான பழைய கார், ஆனால் ஓட்டினால் மனசு நிறைய வேண்டும். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு 21 வயது. லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் முதல் கார் வாங்கப் போகிறேன். ஒரே விலைக்கு இரண்டு வண்டி கிடைக்கிறது. ஒன்று, 15 வருடம் ஓடிய ஆறு சிலிண்டர் சொகுசு கார், 250 ஹெச்பி. இன்னொன்று 1.4 லிட்டர் இன்ஜின் வைத்த சின்ன ஹேட்ச்பேக். நண்பர்கள் எல்லாரும் பெரியதை எடுக்கச் சொல்கிறார்கள். சின்ன வண்டியில் என்ன த்ரில் இருக்கப் போகிறது?

பதில்: தம்பி, சின்னதை எடுங்கள். ஓட்டுகிற சந்தோஷத்துக்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டியின் மூக்கு உடனே திரும்ப வேண்டும். பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி சொன்ன பேச்சு கேட்க வேண்டும். வளைவில் டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பது கையிலும் இடுப்பிலும் தெரிய வேண்டும். இந்த மூன்றுக்கும் எதிரி எடை. எடை ஏற ஏற டயர் அகலமாக வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், சஸ்பென்ஷன் விறைப்பாக வேண்டும், ஸ்டீயரிங்குக்குப் பவர் கூட வேண்டும். கடைசியில் ரோட்டில் என்ன நடக்கிறது என்பதே ஓட்டுகிறவர் கைக்கு வந்து சேராது.

அந்த 250 ஹெச்பியைப் பொது ரோட்டில் எவ்வளவு நேரம் பயன்படுத்த முடியும்? செகண்ட் கியரில் ஒரு மிதி மிதித்தால் வேக வரம்பு வந்துவிடும். 80, 90 ஹெச்பி வண்டியில் கியரை மாற்றி மாற்றி இன்ஜினை முழுசாக வேலை வாங்கலாம், அப்போதும் வேகம் வரம்புக்குள்ளேயே இருக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். கற்றுக்கொள்கிற வயதில் கொஞ்சம் கணக்குத் தப்பினாலும், வேகம் குறைவாக இருந்தால் சமாளித்துவிடலாம்.

இதைக் கார் கம்பெனிகளே செய்து காட்டியிருக்கின்றன. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 ஹெச்பி, எடை ஒரு டன்னுக்கும் கீழே. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அந்த வரிசைதான். 2012-இல் டொயோட்டா 86 வந்தபோது, ஸ்போர்ட்ஸ் காருக்கு வழக்கமாகப் போடும் அகல டயரை விட்டுவிட்டு, ப்ரியஸ் காரில் வருகிற வகை டயரைப் போட்டார்கள். மிதமான வேகத்திலேயே டயரின் பிடி கொஞ்சம் தளர்ந்து, வண்டி என்ன செய்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியட்டும் என்பதுதான் யோசனை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது.

உங்கள் பணத்துக்கு இவை எட்டாமல் போகலாம். பரவாயில்லை. 2011-இல் அறிமுகமான சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், டர்போ இல்லாத 1.6 லிட்டர் இன்ஜின், 136 ஹெச்பி, எடை சுமார் 1,050 கிலோ. ஃபியட் பாண்டாவில் 100 ஹெச்பி என்று ஒரு மாடல் வந்தது, ஆறு கியர், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 2008-க்குப் பிந்தைய ஃபோர்டு ஃபியஸ்டா, மாஸ்டா 2 இவற்றின் சாதாரண மாடல்களே வளைவில் மனசைக் குளிரவைக்கும். நீங்கள் பார்த்த 1.4 ஹேட்ச்பேக் இந்த ரகம் என்றால் யோசிக்காதீர்கள். கியர் மட்டும் மேனுவலாகப் பார்த்து எடுங்கள். பழைய சின்ன கார்களில் வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் பலவும் மந்தமானவை, ரிப்பேர் வந்தால் செலவும் பெரியது.

அப்புறம் அந்த ஆறு சிலிண்டர். புதிதாக இருந்தபோது எட்டாத உயரத்தில் இருந்த விலை இன்று அடிமட்டத்துக்கு வந்திருக்கிறது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் பிரேக் டிஸ்க், ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், பெரிய சைஸ் டயர் எதன் விலையும் இறங்கவில்லை. யானை வாங்கக் காசு இருந்து அங்குசம் வாங்கக் காசு இல்லாத நிலைமை அது. ஒர்க்‌ஷாப் மூலையில் தூசி படிந்து நிற்கும் கார்களில் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும். உரிமையாளர் எஸ்டிமேட்டைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார், திரும்பி வந்திருக்கமாட்டார்.

இன்னொன்று. கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் இரண்டு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய காரில் முதல் சில மாதத்தில் அது கண்டிப்பாகத் தேவைப்படும்.

கேள்வி: ஒரு கார் பார்க்கப் போகிறேன். எனக்கு மெக்கானிக்கல் விஷயம் ஒன்றும் தெரியாது. கூட வரவும் ஆள் இல்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்திலிருந்து சேர்த்த பணம் என்பதால் பயமாக இருக்கிறது. நானே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது என்னென்ன?

பதில்: நிறைய இருக்கிறது. மெக்கானிக் கண்டுபிடிக்கிற கோளாறில் பாதியை ஸ்பேனர் தொடாமலேயே கண்டுபிடிக்கலாம். கண், மூக்கு, காது போதும்.

போனில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: நான் வருவதற்கு முன்பு வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் முதல் வேலையாக பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். இன்ஜினின் குறைகள் அது குளிர்ந்திருக்கும்போதுதான் வெளியே வரும். தேய்ந்த டைமிங் செயின் முதல் சில விநாடி கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். நோஞ்சான் பேட்டரி முக்கி முனகும். ஏற்கெனவே சூடாக்கி வைத்த வண்டியில் இது எதுவும் தெரியாது. தெரியாமல் சூடாகிவிட்டது என்று அவர் சொன்னால், சரி, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். மூடியின் உள்பக்கம் ஆயில் படலம் மட்டும் இருக்க வேண்டும். வெளிறிய பழுப்பில் கெட்டியான பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டி பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே ஓடி, இன்ஜின் முழுசாகச் சூடாகாமல் இருந்தாலும் கொஞ்சம் பசை வரும். ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் டப்பாவிலும் எண்ணெய் மிதந்தால், ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கூலன்ட் மூடியை இன்ஜின் சூடாக இருக்கும்போது திறக்கவே திறக்காதீர்கள்.

இப்போது அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்ஸர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. வெள்ளைப் புகை அடர்த்தியாக, லேசான இனிப்பு வாடையோடு, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. குளிரில் முதலில் வரும் மெல்லிய ஆவிக்குப் பயப்பட வேண்டாம்.

டயருக்கு வாருங்கள். டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரிசை ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் காணவில்லை என்றால் டயரின் உள்பக்கம் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வருடப் பழசு என்றால் ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, இல்லை சஸ்பென்ஷனில் ஏதோ வளைந்திருக்கிறது. நான்கு டயரும் நான்கு கம்பெனி, அதுவும் கிடைத்ததிலேயே மலிவானது என்றால் எனக்கு டயரைவிட உரிமையாளரைப் பற்றித்தான் கவலை வரும். கண்ணுக்குத் தெரியும் டயரிலேயே கஞ்சத்தனம் செய்தவர், தெரியாத இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றியிருப்பாரா? ஒரு வண்டியில் நான் முதலில் பார்ப்பது அதனால்தான் டயர்.

அடுத்து பாடி. வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி, விளக்கு மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் நீளமாகப் பாருங்கள். டிங்கரிங் செய்து பட்டி வைத்த இடத்தில் பிரதிபலிப்பு நெளியும். கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா? பானெட்டுக்குள் மட்கார்டு போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடி மூலையிலும் தயாரிப்புக் குறி அச்சிட்டிருக்கும். ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் என்று கேளுங்கள். கல் பட்டு உடைந்தது என்பது நியாயமான பதில்தான், ஆனால் அந்தக் கதவின் பெயின்ட்டும் வேறாக இருந்தால் கதை வேறு.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எத்தனை ஷாம்பு போட்டுக் கழுவினாலும் சீட் பெல்ட் காட்டிக்கொடுத்துவிடும். பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியையும் தடவிப் பாருங்கள். ஈரம், துரு, நசுங்கி நிமிர்த்திய தகரம் மூன்றும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு), ஏர்பேக், இன்ஜின் விளக்குகள் எல்லாம் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம், கோளாறை மறைக்க பல்பையே எடுத்திருக்கலாம். காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் யாரிடமாவது கிடைத்தால் வாங்கிக்கொண்டு போங்கள், டேஷ்போர்டுக்குக் கீழே செருகிக்கொள்ளலாம். கோளாறு எதுவும் இல்லை என்று அது காட்டினாலும் கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்லாம் ‘தயாராகவில்லை’ என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு கோளாறுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் விர்ரென்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போது கறகறத்தால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வட்டமடியுங்கள், டக் டக் என்று சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட். நேர் ரோட்டில் பின்னால் யாரும் வராதபோது அழுத்திப் பிரேக் பிடியுங்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, ஸ்டீயரிங் உதறக் கூடாது. திரும்பி வந்ததும் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும் வரை பொறுத்திருங்கள்.

சேஸிஸ் எண்ணையும் பதிவுச் சான்றிதழில் இருப்பதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து, லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: 14 வருடக் கார், மீட்டரில் 38,000 கிலோமீட்டர்தான். ஒரே உரிமையாளர். இதைவிட நல்லது கிடைக்காது என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: முதலில் காலுக்குக் கீழே பாருங்கள். 38,000 ஓடிய காரில் பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் அழிந்திருக்காது. ஸ்டீயரிங் வழவழத்து, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் நைந்து, கியர் குமிழின் எண்கள் மறைந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சர்வீஸ் புத்தகத்திலும் பழைய பில்களிலும் தேதியும் கிலோமீட்டரும் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும்.

மீட்டர் உண்மையே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் துள்ளிக் குதிக்கமாட்டேன். வண்டி நின்றாலும் ரப்பர் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். ஹோஸ், சீல், டயர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் காய்ந்துபோகும். முக்கியமாக, இன்ஜின் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பொருத்தி இயக்கும் டைமிங் பெல்ட். கம்பெனி கையேட்டில் அதற்கு இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். கிலோமீட்டர் ஆகவில்லை என்று அந்த வருடக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், இன்ஜின் காலி. பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். வருடம் தவறாமல் சர்வீஸ் செய்து 1,20,000 ஓடிய வண்டியை நான் இதற்கு முன்னால் நிறுத்துவேன்.

கேள்வி: நான் பார்த்த ஹேட்ச்பேக்கில் ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்தி, பெரிய சைலன்ஸர், பெரிய வீல் எல்லாம் போட்டிருக்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டரையும் ‘ரீமேப்’ செய்திருக்கிறாராம். எல்லாம் சும்மா வருகிறதே, லாபம்தானே?

பதில்: வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டினால் ஷாக் அப்சார்பர் அடிவாங்கும், வண்டி வளைவில் துள்ளும், ஓட்டுகிற சுகமே போய்விடும். ரீமேப் என்றால் கூடுதல் பவருக்காகக் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது; அப்படிச் செய்த இன்ஜின் எப்படி மிதிபட்டிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு பணம் தர மறுக்கலாம், சொன்னால் இளம் டிரைவருக்கு பிரீமியம் ஏறலாம். அதே மாடலில் ஒன்றும் தொடாத வண்டியைத் தேடுங்கள். காத்திருந்தால் கிடைக்கும்.

கேள்வி: டர்போ பெட்ரோல், சாதா பெட்ரோல், டீசல், எது நல்லது? நண்பன் ரோட்டரி இன்ஜின் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கிடைக்கிறது என்கிறான்.

பதில்: முதல் பழைய காருக்கு டர்போ இல்லாத பெட்ரோல்தான் என் தேர்வு. மிதித்த அளவுக்கு அப்போதே இழுக்கும், கெட்டுப்போக உதிரிகளும் குறைவு. டீசல் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு. கல்லூரிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும்.

ஆர்எக்ஸ்-8 ஓட்ட அருமையான வண்டி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும்; அதன் முனைகளில் இருக்கும் சீல் தேய்ந்தால் உள்ளே வாயுவை அழுத்தும் பலமான கம்ப்ரஷன் போய்விடும், இன்ஜினைத் திறந்துதான் ஆக வேண்டும். ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது அந்த இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது, அடிக்கடி அளவு பார்த்து ஊற்றவேண்டும். மலிவாக வருவது எதனால் என்று புரிகிறதா? ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரஷன் அளந்து சீட்டுக் கொடுத்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். முதல் காராக அப்போதும் வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. 1980-களில் வந்த பெஜோ 205 ஜிடிஐ மாதிரி பழைய ஹாட் ஹேட்ச் (வேகத்துக்கென்று செய்த சின்ன ஹேட்ச்பேக்) வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எடை குறைவு, பவர் குறைவு, அதனால் பாதுகாப்பு என்கிறான். எனக்கு நெஞ்சு படபடக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அம்மா, உங்கள் மகனுடைய ரசனை நல்ல ரசனை. ஆனால் முதல் காராக அதை வாங்கித் தர வேண்டாம். எடை குறைந்த வண்டியை எடுங்கள் என்று மேலே எழுதியவன் நான்தான். அதற்கு ஓர் எல்லை உண்டு.

205 ஜிடிஐ 1984-இல் வந்தது. எடை 900 கிலோவுக்கும் கீழே. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும், அதற்குப் பேர்போன வண்டி அது. பழகிய கை அதை ரசிக்கும். புதுக் கையின் இயல்பான செயலே பயந்தால் காலை எடுப்பதுதான். அதோடு, அந்தக் காலத்துத் தகரம் இன்றைய கனமான கார் ஒன்றோடு மோதினால் தாங்காது. அதில் ஏர்பேக்கும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. 1997-இல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் என்ற சின்ன காரை ஸ்வீடனில் ஒரு பத்திரிகை சோதித்தது. குறுக்கே மான் வந்தால் ஒடித்துத் திரும்புவது போன்ற சோதனை. வண்டி கவிழ்ந்துவிட்டது. கம்பெனி விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, அதுவரை பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இஎஸ்பியை ஏ-கிளாஸ் முழுவதற்கும் போட்டது. வண்டி வழுக்க ஆரம்பித்ததும் தனித்தனிச் சக்கரத்தில் தானாகப் பிரேக் பிடித்து நேராக்குகிற ஏற்பாடுதான் இஎஸ்பி. சில கம்பெனிகள் இஎஸ்சி என்பார்கள். சின்ன கார்களுக்கு அது பரவ அந்தச் சம்பவம் ஒரு பெரிய காரணம். பிறகு அமெரிக்காவில் 2012 மாடல் வருடத்திலிருந்தும், ஐரோப்பிய யூனியனில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயமானது.

அதனால் மகனிடம் இப்படிப் பேசுங்கள். இஎஸ்பி, ஏபிஎஸ், முன்பக்கமும் பக்கவாட்டிலும் ஏர்பேக் உள்ள வண்டி, எடை 1,000-லிருந்து 1,200 கிலோ. இதற்குள் எது வேண்டுமானாலும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். நான் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் பற்றி எழுதியதைக் காட்டுங்கள், முகம் மலர்ந்துவிடும். யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பு 1997-லிருந்து கார்களின் மோதல் சோதனை முடிவுகளை நட்சத்திர மதிப்பெண்ணாக வெளியிடுகிறது, அந்த மாடலுக்கு என்ன கிடைத்தது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். நட்சத்திரத்தோடு சோதித்த வருடத்தையும் பாருங்கள், ஏனென்றால் விதிகள் வருடத்துக்கு வருடம் கடுமையாகிக்கொண்டே வருகின்றன.

ஏர்பேக் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளில் ஒரு வகையில், உள்ளே இருந்த ரசாயனம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகள் சிதறின. உயிர்கள் போயின. பல கம்பெனிகளின் கார்களைக் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். கார்த் துறை வரலாற்றிலேயே பெரிய திரும்ப அழைப்பு அது. மாற்றாமல் விட்ட வண்டிகள் பழைய கார் சந்தையில் இன்னும் வரலாம். வாங்குவதற்கு முன்பு சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனி டீலரிடம் கேட்டுவிடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

அப்புறம், வண்டி எதுவானாலும் முதல் வருடம் நண்பர்களை ஏற்றிக்கொண்டு இரவில் சுற்ற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். இளம் டிரைவர் பக்கத்தில் அவர் வயசுப் பிள்ளைகள் கூடக் கூட விபத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். பெற்றோர் சொன்னால் கேட்பார்களா என்று நினைக்காதீர்கள், சாவியைக் கொடுக்கும்போது சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரி பார்த்துப் பார்த்து ஒரு ஃபியஸ்டா வாங்கிவிட்டேன்! முதலில் என்ன செய்ய வேண்டும்? நல்ல ஸ்பீக்கர் போடலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வாழ்த்துகள். ஸ்பீக்கர் கொஞ்சம் பொறுக்கட்டும், தனியாக வைத்த பணத்தை முதலில் திரவங்களுக்கும் டயருக்கும் செலவு செய்யுங்கள்.

இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். முந்தையவர் எப்போது மாற்றினார் என்ற கேள்வியே அதோடு தீர்ந்துவிடும். பிரேக் ஆயிலை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 155 வரைகூட இறங்கலாம். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கினால் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் மெத்தென்று தரைவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், செலவும் பெரிதில்லை.

டயர் பழசு என்றால் நான்கையும் ஒரே வகையில் நல்லதாகப் போடுங்கள். வண்டியின் குணத்தையே மாற்றக் கூடியது அது. 20 ஹெச்பி கூட்டுவதைவிட நல்ல டயரும் சரியான அலைன்மென்ட்டும் தரும் சுகம் அதிகம். இரண்டு மட்டும்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கிற வண்டியானாலும் அப்படித்தான். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

பிறகு ஆளில்லாத காலி மைதானம் ஒன்றைத் தேடி, அனுமதி வாங்கிக்கொண்டு, 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று அதிரும், கரகர சத்தம் வரும். அது ஏபிஎஸ் வேலை செய்வது. முதல்முறை அந்த அதிர்ச்சியில் பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள், வண்டி திரும்பும். திரும்பத் திரும்பச் செய்து, கால் தானாகவே அழுத்திப் பிடிக்கும் வரை பழகுங்கள்.

மைதானத்துக்குப் போவதற்கு முன்பு டயரில் காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். அந்த அளவுதான் சரி. டயர் மேலேயே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து நிரப்பிவிடாதீர்கள்.